மட்டம் பார்க்கச் சொல்லும் கையேடு: குடிநீர் நிலையங்களுக்கான இ.பி.ஏ. வெள்ளக் கருவி எப்படி?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இ.பி.ஏ., 2014இல் வெளியிட்ட வெள்ளத் தாங்குதிறன் அடிப்படைக் கையேடு ஒரு பிடிஎஃப் கோப்பு. விலை கிடையாது. ஊர் அளவில் குடிநீர், கழிவுநீர் நிலையம் நடத்துகிறவர்களுக்காக எழுதியது. முக்கியமாக, ஆலோசகர் வைத்து அறிக்கை வாங்கப் பணமில்லாத சின்ன நிலையங்களுக்காக. மொத்தம் நாலே படி. வெள்ளம் எவ்வளவு உயரம் வரும், எது எது முங்கும், முங்காமல் இருக்க என்ன வழி, அதை எந்த வரிசையில் செய்வது. மெய்ன் மாநிலத்தில் பெர்விக் என்ற சிற்றூரின் குடிநீர்த் துறையில் வைத்துப் பரிசோதித்த முறை இது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டாம் படி ஒன்றுக்காகவே இதை இறக்கிக்கொள்ளலாம். மூன்றாம் படியை உங்கள் எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்தி எழுத வேண்டும். குழாய்ப் பாதை விஷயத்தில் மட்டும் இதை நம்பி இருந்துவிடக் கூடாது.

பேரிடர்த் திட்டம் என்று அலுவலகங்களில் இருக்கும் கோப்புகளில் பெரும்பாலானவை பெயர்ப் பட்டியல்கள்தான்: யாருக்கு போன் செய்வது, யார் வண்டி தருவார், எந்தக் கடையில் டீசல். அதுவும் வேண்டியதே. ஆனால் தணிப்புத் திட்டம் வேறு சரக்கு. தண்ணீர் வந்த பிறகு என்ன செய்வது என்பது முதலாவது. வந்தாலும் மோட்டார் ஓட இன்றே எதை மாற்றுவது என்பது இரண்டாவது. இந்தக் கையேடு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு அகலாமல் நிற்கிறது. அதுவே பெரிய குணம்.

முதல் படியில் வெள்ள மட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இது சுலபம். ஃபெமா, அதாவது மத்திய அவசரகால மேலாண்மை முகமையின் வெள்ள வரைபடத்தில் முகவரி போட்டால் நூறாண்டு வெள்ளம், ஐந்நூறாண்டு வெள்ளம் இரண்டும் எந்த இடம்வரை வரும் என்று தெரியும். நூறாண்டு வெள்ள மட்டத்தைப் பல இடங்களில் வரைபடத்திலேயே அடிக் கணக்கில் போட்டிருப்பார்கள். ஐந்நூறாண்டு மட்டத்தை வரைபடத்தோடு வரும் வெள்ள ஆய்வறிக்கையில், ஆற்றின் நீள்வெட்டுப் படத்தில் பார்க்க வேண்டியிருக்கும். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருடத்துக்கு ஒரு முறை வருவது என்று உள்ளாட்சிக் கூட்டத்தில் யாராவது சொல்வார், அங்கேயே திருத்திவிடுங்கள். எந்த ஒரு வருடத்திலும் நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே பொருள். முப்பது வருடம் ஓட வேண்டிய ஒரு பேனல் போர்டின் ஆயுளுக்குள் அப்படியொன்று வர 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நாலில் ஒன்று. குடிநீர் நிலையத்துக்கு அது சின்ன ஆபத்து இல்லை. அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் 24ஆம் தரநிலை, அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், அத்தியாவசியக் கட்டடங்களுக்கு நூறாண்டு மட்டத்துக்கு மேல் 2 அடி, அல்லது ஐந்நூறாண்டு மட்டம், இதில் எது உயரமோ அதைக் கேட்டது. கையேட்டில் எந்த மட்டத்தை எடுப்பது என்பதை உங்களிடமே விட்டிருக்கிறார்கள். விட்டிருக்கக் கூடாது, பட்ஜெட்டைப் பார்த்து மட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்து இருக்கிறது.

இன்னொரு பொறி, அளவுத் தளம், அதாவது உயரத்தை எந்தப் பூஜ்யத்திலிருந்து அளக்கிறோம் என்பது. 1970களின் கட்டட வரைபடங்களில் இருக்கும் உயரங்கள் 1929ஆம் ஆண்டுத் தளத்தில் எடுத்தவை. இன்றைய வெள்ள வரைபடம் 1988ஆம் ஆண்டுத் தளத்தில். இரண்டுக்கும் வித்தியாசம் சில இடங்களில் ஓர் அடிக்கும் குறைவு. வடமேற்குக் கரையோரத்தில் 3 அடிக்கும் மேல். பழைய வரைபடத்தில் இருந்து ஓர் எண்ணையும் புதிய வரைபடத்தில் இருந்து ஓர் எண்ணையும் எடுத்துக் கழித்தால் கிடைப்பது கணக்கே இல்லை. தளத்தின் பெயரை ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதுங்கள். கையேடு இதை அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

இனி இரண்டாம் படி. பொருள்கள் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் எந்த மட்டத்தில் இருக்கிறது, அது நின்றால் என்ன ஆகும் என்று எழுத வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவலும் அதற்கான அளவுகோலும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் நிலையத்தைச் சுற்றினால்தான் இதன் அருமை தெரியும். ‘பம்ப் ஹவுஸ்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவது இங்கே வழக்கமான தவறு. பம்ப் ஹவுஸ் முங்குவதில்லை; அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு பாகம் முதலில் முங்குகிறது. அது எது என்பதே கேள்வி.

ஒரு மாதிரிக் கணக்கு. நூறாண்டு வெள்ள மட்டம் 142.0 அடி என்று வைத்துக்கொள்வோம். சுத்த நீர்த் தொட்டியின் உபரிநீர்க் குழாய் வாய் 139.5. டிரான்ஸ்ஃபார்மர் மேடை 140.8. பம்ப் ஹவுஸ் தரை 141.2. மோட்டார் பேனலின் அடிப்பகுதி 141.5. தானியங்கி மாற்று சுவிட்ச் 141.9. ஜெனரேட்டர் மேடை 142.5. ஜெனரேட்டரை உயர்த்திவைத்தவர்கள் நிம்மதியாக இருப்பார்கள், அது முங்காது. ஆனால் அதன் மின்சாரம் மோட்டாருக்குப் போக வேண்டிய மாற்று சுவிட்ச் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் தண்ணீரில் நிற்கிறது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், ஊருக்குத் தண்ணீர் போகாது. பேனல் அரை அடி தண்ணீரில். இதெல்லாம் நடப்பதற்கு முன்பே, வெள்ளம் 139.5ஐத் தாண்டிய நிமிடம், உபரிநீர்க் குழாயில் ஒருவழி மடல் இல்லையென்றால் ஆற்றுத் தண்ணீர் சுத்திகரித்த தண்ணீரைத் தேடி உள்ளே போகத் தொடங்கியிருக்கும். மோட்டார் நின்றதைவிட இது மோசம். மோட்டாரை மாற்றலாம், ஊர் முழுக்கக் குழாயில் போன அழுக்கை வெளியே எடுக்க வாரங்கள் ஆகும்.

ஏழு எண்களில் இவ்வளவு தெரிகிறது. இதைத்தான் கையேட்டின் மதிப்பு என்கிறோம். படிவத்தில் இருக்கும் கட்டங்கள் போதாது. சொந்தமாக எக்ஸெல் தாளில் ஏற்றி, மூன்று பத்திகள் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாகத்தின் மிகத் தாழ்ந்த மின்புள்ளி, தண்ணீர் உள்ளே வரக்கூடிய மிகத் தாழ்ந்த ஓட்டை, அந்தப் பாகம் நின்றால் கூடவே நிற்கும் மற்ற பாகங்கள். பிறகு உயரத்தை வைத்து ஏறுவரிசையில் அடுக்குங்கள். எது முதலில் போகும் என்ற வரிசை தானாக வந்துவிடும்.

மூன்றாம் படியில் தணிப்பு வழிகள். கட்டடம், நீர் எடுக்கும் இடம், பூஸ்டர் நிலையம், ரசாயனத் தொட்டி, மின்கருவிகள் என்று பிரித்து, ஒவ்வொரு வழிக்கும் செலவைக் காட்ட ஒன்று முதல் மூன்று டாலர் குறிகள். குறி ஒன்று என்றால் சொந்த ஆளை வைத்தே செய்யலாம், மூன்று என்றால் ஒப்பந்ததாரர் வேண்டும். பட்டியல் நல்ல பட்டியல். ஆனால் ஒவ்வொரு வழியும் எங்கே கையைக் கடிக்கும் என்று அதில் இல்லை. அதை இங்கே சொல்லிவிடலாம்.

மணல் மூட்டை. குறி ஒன்று. நூறு அடி நீளத்துக்கு 3 அடி உயரம் அடுக்க ஏறத்தாழ 3,500 முதல் 4,500 மூட்டை வேண்டும். ஒவ்வொன்றும் 16 கிலோ பக்கம். புயல் எச்சரிக்கை வந்த பிறகு இதை நிரப்ப எத்தனை பேர் வேண்டும், அவர்கள் அன்றைக்குத் தங்கள் வீட்டை விட்டு வருவார்களா என்று யோசித்தால் இது விலை மலிந்த வழி இல்லை என்பது புரியும். கதவு வாசலை அடைக்கும் அலுமினியப் பலகைகள் நல்ல மாற்று. அதற்கும் எல்லை உண்டு: 3 அடி அகலக் கதவில் 3 அடி தண்ணீர் நின்றால் சுமார் 380 கிலோ அழுத்தம். கம்பி போடாத செங்கல், பிளாக் சுவருக்கு 3 அடிக்கு மேல் தண்ணீரை வெளியே நிறுத்தப் பார்க்கக் கூடாது. கதவு தாங்கும், சுவர் சரியும். அதற்கு மேல் வெள்ளம் வருமென்றால் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு, பொருளை மேலே ஏற்றுவதே வழி.

பேனல் போர்டை ஏற்றுவது. எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான், சரியும்கூட. முங்கிய மோட்டாரைச் சுத்தம் செய்து, சூட்டில் உலர்த்தி, மெகர் வைத்துக் காப்புத்தடை பார்த்து மறுபடி ஓட்ட முடியும். முங்கிய சர்க்யூட் பிரேக்கர், வேகக் கட்டுப்பாட்டு டிரைவ், நிலையத்தைத் தானாக இயக்கும் பிஎல்சி கணினி எல்லாம் குப்பைதான். உலர்ந்ததும் ஆன் ஆகிறது என்பதற்காகத் திரும்பப் பயன்படுத்தினால் அடுத்த ஷார்ட்டில் டிரிப் ஆகாது. புது டிரைவ் வரப் பல மாதம் ஆகலாம். ஆகவே பணம் மோட்டாரைக் காப்பதற்குப் போகக் கூடாது, பேனலைக் காப்பதற்குப் போக வேண்டும். பேனலை ஏற்றுகிறவர்கள் விடும் தவறு ஒன்று: தரைக்கடியில் வரும் கேபிள் பைப்புகளின் வாயை அடைப்பதில்லை. வெளியே கேபிள் குழி தண்ணீரில் நின்றால், அந்த பைப் வழியாகவே தண்ணீர் கட்டடத்துக்குள் வந்துவிடும். கதவில் பலகை போட்டும் உள்ளே முழங்கால் ஆழம் என்றால் காரணம் இது. இரண்டு முனையிலும் விரியும் சீலன்ட் போட்டு அடைக்க வேண்டும். செலவு அற்பம். கையேட்டுப் பட்டியலில் தேடினால் கண்ணில் படுவது கஷ்டம்.

டீசல் தொட்டி. இதை விளக்கமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தொட்டி மிதக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. 4,000 லிட்டர் இரும்புத் தொட்டி காலியாக இருக்கும்போது முழுக்க முங்கினால் தண்ணீர் அதை 4,000 கிலோ விசையோடு மேலே தள்ளும். தொட்டியின் எடை 700 கிலோ என்று வையுங்கள். மீதி 3,300 கிலோவை யாராவது கீழே பிடித்து நிறுத்த வேண்டும். கான்கிரீட் தண்ணீருக்குள் ஒரு கன மீட்டருக்கு 1,400 கிலோதான் எடை தரும், 2,400 இல்லை. ஆக 2.4 கன மீட்டர், அதாவது 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 30 செ.மீ. கனமுள்ள பலகை, பாதுகாப்புக் காரணி 1.5 சேர்த்தால் கனம் 45 செ.மீ. தொட்டியைப் பலகையோடு பிடிக்கும் பட்டை, போல்ட்டு எல்லாம் அதே விசைக்குக் கணக்கிட்டிருக்க வேண்டும். நாலு மூலையில் ஆளுக்கொரு 12 மி.மீ. போல்ட்டை அடித்துவிட்டு விட்டால் அது அலங்காரம். டீசல் நிறைய இருந்தால்? டீசல் 3,400 கிலோ, தொட்டி 700, கூட்டினால் 4,100. நூலிழையில் கீழே நிற்கும். அதனால் புயலுக்கு முன் தொட்டியை நிரப்புவது எரிபொருளுக்காக மட்டுமல்ல, நங்கூரத்துக்காகவும். தொட்டியின் காற்றுப் போக்கிக் குழாய் வாயும் வெள்ள மட்டத்துக்கு மேல் வர வேண்டும். இல்லையென்றால் டீசலில் தண்ணீர் கலந்து, ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடம் நிற்கும்.

எவ்வளவு டீசல்? 100 கிலோவாட் ஜெனரேட்டர் முழுச்சுமையில் மணிக்குச் சுமார் 28 லிட்டர் குடிக்கும். 72 மணி நேரத்துக்கு 2,000 லிட்டர். மறு பக்கமும் உண்டு: பெரிதாக வாங்கினால் பாதுகாப்பு என்று 250 கிலோவாட் வாங்கி 50 கிலோவாட் சுமையில் ஓட்டினால், எரியாத எண்ணெய் புகைக்குழாயில் படிந்து எஞ்சின் கெடும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட், ஓடும் கரண்டைப் போல் ஆறு மடங்கு இருக்கலாம் என்பதால் பெரிதாக வாங்குகிறார்கள். மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் சின்ன ஜெனரேட்டரே போதும். மாதம் ஒருமுறை வெறுமனே ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது, சுமை கொடுத்து ஓட்ட வேண்டும்.

குளோரின். காலி டன் சிலிண்டர் மிதக்கும், நிறைந்தது முங்கும். காலிதானே, கட்டத் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். மிதந்த சிலிண்டர் வால்வில் மோதி, மிச்சமிருக்கும் வாயுவை விடும். இரண்டையும் சங்கிலியில் கட்டுங்கள். அதேபோல் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பையோ சுத்த நீர்த் தொட்டியையோ வெள்ள நேரத்தில் காலி செய்யக் கூடாது. சுற்றியுள்ள மண் தண்ணீரில் ஊறியிருக்கும்போது காலித் தொட்டி பூமியிலிருந்து எழும்பி, சேர்ந்திருக்கும் குழாய்களை முறிக்கும்.

இந்த இடம்வரை நன்றாகவே போகிறது. இனி குறை.

கையேடு ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக எடுத்து முங்குமா முங்காதா என்று கேட்கிறது. வெள்ளம் அப்படி மட்டும் வேலை செய்வதில்லை. அது அரிக்கும். வட கரோலினாவின் ஆஷ்வில் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் பிரான்சிஸ், ஐவன் என்ற இரண்டு புயல்களின் வெள்ளத்தில் நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் பெருங்குழாய்கள் அடித்துப் போயின. பாடம் கற்று மாற்றுக் குழாய் ஒன்றை 25 அடி ஆழத்தில் புதைத்தார்கள். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயலின் வெள்ளம் பழைய குழாய்களோடு அதையும் கொண்டுபோனது. சாலையே இல்லாமல் போனதால் இயந்திரங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே முதலில் பாதை போட வேண்டியிருந்தது. அக்டோபர் நடுவில் குழாயில் தண்ணீர் வந்தது, ஆனால் குடிக்க முடியாது: நீர்த்தேக்கம் சேறாகியிருந்தது, அங்கிருந்த நிலையம் படிவுத் தொட்டி இல்லாமல் நேரே வடிகட்டியில் விடும் வகை. மலைநீர் தெளிவாக இருக்கும் வரை அது சிக்கனமான நல்ல வடிவமைப்பு. கலங்கல் ஏறினால் வடிகட்டிகள் அடைத்துப்போகும். நவம்பர் 18 அன்றுதான் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்ன அறிவிப்பை விலக்கிக்கொண்டார்கள். 53 நாள்.

அந்த நிலையம் ஆற்றில் முங்கி நிற்கவில்லை. இந்தக் கையேட்டின் படிவத்தை மட்டும் நிரப்பியிருந்தால், எழுதவேண்டிய இடத்தில் ‘பாதிப்பு இல்லை’ என்றே எழுதத் தோன்றும். மட்டம் பார்த்தால் மட்டும் போதாது, அரிப்பு ஆழமும் பார்க்க வேண்டும். மாற்றுக் குழாய் என்று ஒன்று போட்டால் அது அதே பள்ளத்தாக்கில், அதே ஆற்றங்கரையில் போகக் கூடாது. கலங்கல் ஏறினால் நிலையம் எவ்வளவுவரை தாங்கும் என்ற எண்ணைக் கையில் வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் உங்கள் எக்ஸெல் தாளில் நீங்களே போட வேண்டிய பத்திகள். ஆற்றைக் கடக்கும் குழாய் பாலத்தில் தொங்கினால், எந்தப் பக்கம் தொங்குகிறது என்றும் எழுதுங்கள். ஆற்று நீர் வந்து மோதும் பக்கத்தில் தொங்கும் குழாயில் அடித்துவரும் மரங்கள் நேரே மோதும். நீர் பாலத்தைக் கடந்து போகும் பக்கத்தில் தொங்கினால் பாலமே அதற்குக் கவசம். குழாயின் இரு முனையிலும் வால்வு இருக்கிறதா, அந்த வால்வு கடைசியாக எப்போது திருகப்பட்டது? இருபது வருடம் தொடாத வால்வு பெயருக்கு வால்வு. அறுந்த குழாய் வழியாக மேல்நிலைத் தொட்டி ஓரிரு மணி நேரத்தில் காலியாகிவிடும்.

மட்டக் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தும் சம்பவமும் உண்டு. 1993 ஜூலை 11 அன்று அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் ரக்கூன் ஆறு கரைமேட்டைத் தாண்டிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வந்தது. கிட்டத்தட்ட 2,50,000 பேருக்குச் சுமார் 12 நாள் குழாயில் தண்ணீர் இல்லை. வந்த பிறகும் குடிக்கத் தக்கதாகச் சில நாள் ஆயிற்று. ஒரே நிலையம், ஒரே ஆறு, ஒரே கரைமேடு. பிறகு வேறொரு இடத்தில் இரண்டாவது நிலையம் கட்டினார்கள்.

இந்த எண்களைச் சும்மா சொல்லவில்லை. 2,50,000 பேர் பெருக்கல் 12 நாள் என்றால் 30 லட்சம் ஆள்-நாள். நாலாம் படியில், அதாவது பணம் கேட்கும்போது, இந்தப் பெருக்கல்தான் பேசும். ஃபெமா மானியத்துக்கு வரவு, அதாவது வேலையால் தவிர்க்கும் இழப்பு, செலவைவிடக் கூடுதல் என்று காட்ட வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாள் குடிநீர் இல்லாததன் இழப்புக்கு அவர்களே ஒரு நிலையான டாலர் மதிப்பு வைத்திருக்கிறார்கள். முங்கிய பேனலின் விலையை மட்டும் வரவில் காட்டினால் வரவைச் செலவால் வகுத்த விகிதம் ஒன்றைத் தொடாது. ஆள்-நாளைச் சேர்த்தால் சின்ன ஊருக்கும் தொட்டுவிடும். கையேடு இந்த இடத்தில் வாயைத் திறக்காமல் நழுவிப்போகிறது. அதற்கு இ.பி.ஏ.வே 2016இல் இடர் தணிப்புக்கு ஒரு தொடக்கக் கையேடு தனியாகப் போட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தொடக்கக் கையேட்டில் உள்ள ஒரே முக்கியமான செய்தி இது: 2000ஆம் ஆண்டுப் பேரிடர்த் தணிப்புச் சட்டப்படி ஊரோ, மாவட்டம் போன்ற கவுன்ட்டியோ ஓர் உள்ளூர் இடர் தணிப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து ஃபெமாவின் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாத ஊருக்குத் தணிப்பு வேலைக்கான மானியம் இல்லை. திட்டத்தைத் தீயணைப்புத் துறையும் அவசரகால அலுவலகமும் எழுதிவிடுவார்கள்; குடிநீர்த் துறையை யாரும் கூப்பிட மாட்டார்கள். போய் உட்கார வேண்டும். ‘நீர் நிலையங்களின் தாங்குதிறனை உயர்த்துதல்’ என்ற ஒரு வரி திட்டத்தில் இருந்தால் பயனில்லை. எந்த நிலையம், எந்தப் பேனல், எத்தனை அடி உயர்த்துவது, உத்தேசச் செலவு, யார் பொறுப்பு, எந்த வருடம் என்று எழுத வேண்டும். மானியம் பொதுவாக 75 விழுக்காடு. மீதி 25ஐ ஊர் போட வேண்டும். நம்பி இருந்த மானியக் கிளைகளில் ஒன்றான பிரிக் திட்டத்தை 2025 ஏப்ரலில் முடித்துக்கொள்வதாக ஃபெமா அறிவித்து, விஷயம் நீதிமன்றம்வரை போனது. எனவே குறி ஒன்று போட்ட வேலைகளை மானியத்துக்காகக் காக்கவைக்காதீர்கள்.

சட்டக் கட்டாயம் இன்னொரு பக்கம். 2018ஆம் ஆண்டு அமெரிக்க நீர் உள்கட்டமைப்புச் சட்டப்படி 3,300 பேருக்கு மேல் தண்ணீர் தரும் நிலையங்கள் அபாய மதிப்பீடும், அதைச் சான்றளித்த ஆறு மாதத்துக்குள் அவசரகாலத் திட்டமும் முடிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். வெள்ளக் கையேட்டில் போட்ட தாளை அப்படியே அந்த மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம், வேலை மிச்சம்.

இ.பி.ஏ.வின் மற்ற கருவிகளைப் பற்றி ஓரிரு வார்த்தை. வி-சாட் என்பது இணையவழி அபாய மதிப்பீட்டுக் கருவி. விளைவு, பலவீனம், வாய்ப்பு மூன்றையும் பெருக்கி அபாயத்தை டாலரில் காட்டும். வாய்ப்பு என்று நீங்கள் போடும் எண்ணைக் கொஞ்சம் மாற்றினால் விடை தலைகீழாகும். பெரிய நிலையத்துக்கு உதவும், சின்னதுக்கு எண்களின் பகட்டு மட்டுமே மிஞ்சும். கிரியேட் என்பது தட்பவெப்ப மாற்றத்தைக் கணக்கில் எடுப்பது, ஐந்து பகுதிகள் கொண்டது. வறட்சி, கடல்மட்ட உயர்வு இரண்டுக்கும் நல்லது. நாளைக் காலை எந்த போல்ட்டை முறுக்குவது என்று அதனிடம் கேட்க முடியாது. மின்தடை பற்றிய கையேடு கட்டாயம் படிக்க வேண்டியது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது மின்சாரம் போய் நீர் நிலையங்கள் நின்றன. அத்தியாவசிய வாடிக்கையாளர் பட்டியலில் பெயரே பதியாத நிலையங்களும் இருந்தன. ஒரு படிவம் நிரப்பும் வேலை அது. அதன் பிறகு வந்த அம்மாநிலச் சட்டம், நீண்ட மின்தடையிலும் குழாயில் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அழுத்தம் தரும் திட்டத்தை நீர் நிறுவனங்களிடம் கேட்கிறது. அந்த 20 எதற்கு என்றால், அழுத்தம் போன குழாய் வெளியே இருப்பதை உறிஞ்சும். கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் 2018 காட்டுத்தீக்குப் பிறகு குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கண்டார்கள். எரிந்த வீடுகளின் பிளாஸ்டிக் இணைப்புகளும் புகையும் அழுத்தமிழந்த குழாய்க்குள் போனதைக் காரணமாகச் சொல்கிறார்கள். மீட்டர் பெட்டியில் ஒருவழி வால்வு வைப்பது தீக்கும் உதவும், வெள்ளத்துக்கும் உதவும்.

தமிழ்நாட்டில் ஊராட்சி, நகராட்சி, கூட்டுக் குடிநீர்த் திட்டம் பார்க்கிறவர்களுக்கு இது பயன்படுமா? படும், முதல் படியை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு. முகவரி போட்டால் வெள்ள மட்டத்தை அடிக் கணக்கில் சொல்லும் வரைபடம் இங்கே கிடையாது. தேவை மட்டும் குறையவில்லை: 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி பெருகியபோது ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் அடிபட்டன. ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறும் அதன் தலையில் இருக்கும் பேனலும் ஏறக்குறைய டி மாய்ன் கதைதான். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, ஆறு எங்கும் ஏறாமலே மேல்நிலைத் தொட்டிகள் காலியாக நின்றன; அங்கே தேவைப்பட்டது மட்டக் கணக்கு இல்லை, ஜெனரேட்டரை வெளியிலிருந்து சொருகுவதற்கு ஒவ்வொரு பம்ப் ஹவுஸ் சுவரிலும் ஒரு சாக்கெட்டும், மாற்று சுவிட்ச்சும். அது இருந்தால் ஒரே ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி, ஒரு தொட்டிக்கு மூன்று மணி நேரம் என்று நாலைந்து ஊரைச் சுற்றிவரலாம். இல்லையென்றால் ஒவ்வொரு ஊரிலும் வயரை உரித்து முறுக்குவதிலேயே பொழுது போகும். முனை மாற்றி முறுக்கி மோட்டார் எதிர்த்திசையில் ஓடுவதும் உண்டு.

வெள்ள மட்டத்துக்கு இங்கே நம்பகமான ஆதாரம் ரயில்வே பாலங்கள். தூணில் அதிகபட்ச வெள்ள மட்டத்தைப் பெயின்ட்டில் கோடு போட்டு எழுதியிருப்பார்கள். நிலையப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் இருக்கும். அது தோராயமாகச் சரிபார்க்க மட்டும், அதிலிருந்து வேலை தொடங்காதீர்கள். பாலத்தின் கோட்டிலிருந்து லெவல் ஓட்டி உங்கள் நிலையத்துக்கு மட்டத்தைக் கொண்டுவரலாம், ஆனால் ஆற்றின் சரிவைக் கழிக்கவோ கூட்டவோ மறந்தால் கணக்கு கெடும்: பாலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மேலே உள்ள நிலையத்தில் வெள்ளம் பாலத்துக் கோட்டைவிட உயரமாகவே நிற்கும். அணையின் கீழே இருக்கும் நிலையமென்றால் நீர்வளத் துறையின் திறப்பு அளவைக் கன அடியில் வாங்கி, அந்த அளவு வந்தபோது தண்ணீர் எங்கே நின்றது என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். மூன்று வெள்ளம் எழுதினால் உங்கள் ஊருக்கென்றே ஓர் அட்டவணை கிடைத்துவிடும். ‘20,000 கன அடி திறக்கிறார்கள்’ என்ற செய்தி வந்ததும் பேனலைக் கழற்றுவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துச் சொல்லலாம்.

அந்த அட்டவணைக்கு வேண்டியது சுவரில் ஒரு கோடு. வெள்ளம் வடிந்ததும் பம்ப் ஹவுஸ் சுவரில் சேறு படிந்த கோடு தெரியும். உள்சுவரில் எடுங்கள், வெளிச்சுவரில் அலையடித்து அரை அடி கூடக் காட்டும். அடுத்த மழையில், அல்லது ஆய்வுக்கு வருகிறார்கள் என்று வெள்ளையடிக்கும்போது, அது போய்விடும். அதற்குள் ஓர் ஆணியை அடித்து, தேதியையும் தரையிலிருந்து உயரத்தையும் எழுதிவிடுங்கள்.